கினிப்பன்றிகளுக்குச் சமுதாய வளைகாப்பு

செல்லக்கிளி விண்ணப்பித்தது வெள்ளாட்டுக்கு. கிடைத்தது கினிப்பன்றி.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்து, கள அலுவலர் ராம்கி அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். பெட்டியில் நான்கு ஓட்டைகள் இருந்தன. ஓர் ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கின் அளவை வைத்து ஆட்டின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்த செல்லக்கிளிக்கு விடை சரியாக வரவில்லை.

"ஏன் சார், ஆடு இம்புட்டுத்தானா?"

"ஆடு கையிருப்புல இல்லக்கா. அதுக்குப் பதிலா இதைக் குடுக்கலாம்னு வாரியத்துல தீர்மானம் போட்டாச்சு. நாலு காலு இருக்கா? இருக்கு. புல்லு திங்குமா? திங்கும். குட்டி போடுமா? போடும். ஆட்டுக்கிட்ட வேற என்னத்த எதிர்பாக்குறீங்க?"

"பாலு?"

"அது அடுத்த கட்டம்" என்றார் ராம்கி, கையெழுத்துக்கு இடம் காட்டியபடி.

சிற்றுயிர் வளர்ப்பு வாரியம் என்று ஒன்று இருப்பதே செல்லக்கிளிக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் மதுரை மண்டல இணை இயக்குநர் அழகுபாண்டி தென்னமெரிக்காவுக்குப் பதினொரு நாள் கல்விச் சுற்றுலா போய் வந்தவர். அங்கே மலைக்காட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே கினிப்பன்றி வளர்ப்பதைக் கண்ணால் பார்த்து, நம் பெண்களுக்கும் அடுப்படி இருக்கிறதே என்று அவருக்கு உதித்தது. திரும்பி வந்து நூற்றெண்பது பக்கம் அறிக்கை எழுதினார். வளர்த்த கினிப்பன்றியை அந்த ஊர்க்காரர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்ற ஒரு பகுதியை மட்டும், தாம் சைவம் என்பதால், விட்டுவிட்டார். ஆகவே இங்கே யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியாது. பெருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

செல்லக்கிளி அதற்குச் சீனி என்று பேர் வைத்தாள். வெள்ளை உடம்பு, இடக்காதில் ஒரு சின்ன வெட்டு. அவளுடைய புருசன் சோணைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, "பெருச்சாளின்னு நெனச்சு எவனாச்சும் கட்டையால ஒரு போடு போட்டான்னா, கவர்மெண்டுக்கு நாமதான பதில் சொல்லணும்?" என்று கேட்டான்.

ஆனால் பதினைந்து நாளில் நிலைமை மாறிவிட்டது. செல்லக்கிளிக்குக் கப்பலூரில் சாக்கு தைக்கிற கம்பெனியில் வேலை. சிப்டு முடிந்து, திருமங்கலத்தில் பஸ் மாறி, ஒரு கொய்யாப்பழத்தைக் கவரில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் கால் வைப்பாள். கவர் சரசரக்கும். உடனே உள்ளே இருந்து சீனி "வீக்... வீக்..." என்று விசிலடிக்கும். இந்த வீட்டில் அவள் வந்ததற்காகச் சத்தம் போட்டுச் சந்தோசப்பட்ட முதல் ஜீவன் அதுதான். சோணைமுத்து கல்யாணமான இருபது வருசத்தில் ஒரு தடவைகூட விசிலடித்ததில்லை.

பெட்டியோடு அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு கையேடும் வந்திருந்தது. அதில் ஏழாம் விதி இப்படி: "பெண் விலங்கின் ஆரோக்கியத்தையும் தாய்மை நலனையும் கருத்தில்கொண்டு, பதினெட்டு மாதம் நிறைவடையாத பெண் விலங்கை இணைசேர்த்தல் கூடாது."

இந்த விதி பிறந்த விதம் எளிமையானது. கையேடு எழுத வாரியத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. பெண்பிள்ளைகளின் திருமண வயதைப் பற்றி வேறெங்கோ தயாரான ஒரு கோப்பு கணினியில் கிடந்தது. அதில் 'வருடம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மாதம்' என்று மாற்றினார்கள். பதினெட்டை மாற்றவில்லை. அந்த எண்ணைப் படித்த எல்லாருக்கும் அது ஏற்கெனவே பழகிய எண்ணாக, நியாயமான எண்ணாகத் தோன்றியது. யாரும் விதியை மீறிவிடக் கூடாது என்பதற்காக, பெண் விலங்குகளை மட்டும் பயனாளிகளிடம் கொடுத்துவிட்டு, முப்பத்தாறு ஆண்களையும் மதுரையில் வாரிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த அறைக்கு வெளியே 'ஆண் விலங்குகள் காப்பகம், அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று பலகை தொங்கியது.

சீனிக்கு ஐந்தரை மாதம் இருக்கும்போது, உடம்பைச் சொறிகிறதே என்று செல்லக்கிளி அதைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் ஆர்த்திகா. சின்ன வயசு, கண்ணாடி போட்ட பெண். மருந்து தடவியபடியே, "ஆணு கூடச் சேத்தாச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வருசம் கெடக்கேம்மா. பதினெட்டு மாசம்னு போட்டிருக்கு."

ஆர்த்திகா கையேட்டை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"இத எழுதுனது யாரு?"

"கவர்மெண்டு."

"கையெழுத்து?"

"சீலு மட்டுந்தான் இருக்கு."

ஆர்த்திகா சீனியைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் இடுப்பின் முன்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க ரெண்டு எலும்பு இருக்குக்கா. முதல் ஈத்து சின்ன வயசுலயே ஆயிருச்சுன்னா அது விரிஞ்சு குடுக்கும். ஆறு, ஏழு மாசத்துக்குள்ள முதல் சினை பிடிக்கலைன்னா ரெண்டும் ஒட்டி இறுகிப் போகும். அதுக்கப்புறம் சினையானா குட்டி வெளிய வர வழி இருக்காது. இதோட குட்டி எலிக்குஞ்சு மாதிரி பொடிசுன்னு நெனைக்காதீங்க. கண்ணு முழிச்சு, முடியோட, பல்லோட பொறக்கும். பெரிய குட்டி. தாயும் போயிரும், குட்டியும் போயிரும்."

"ஆத்தாடி. அப்ப இந்தப் பதினெட்டு?"

"அது மனுசப் பிள்ளைக்குள்ள கணக்குக்கா. இதுக்கு எமன் கணக்கு."

ஆர்த்திகா ஒரு தாளில் இடுப்பெலும்பைப் படமாகவே வரைந்து, இரண்டு வாரத்துக்குள் ஆண் விலங்கைக் கொடுக்குமாறு எழுதிக் கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தாள்.

செல்லக்கிளி ஒரு சிப்டு லீவு போட்டு மதுரைக்குப் போனாள். லிப்டில் 'பராமரிப்பில் உள்ளது' என்ற அட்டை தொங்கியது. அந்த அட்டையைத்தான் பராமரித்திருந்தார்கள். தூசி இல்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, "ஆணு ஒண்ணு வேணும் சார்" என்றாள்.

"பெண் விலங்கின் வயது?" என்றார் எழுத்தர்.

"அஞ்சரை மாசம்."

அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அச்சடித்துக்கொண்டிருந்த பிரிண்டரும் நின்றது. அதற்குத் தாள் தீர்ந்திருக்கலாம். ராம்கி ஓடிவந்து, "அக்கா, சத்தமாச் சொல்லாதீங்க" என்று காதோரம் சொல்லி, அவளை இணை இயக்குநர் அறைக்குக் கூட்டிப் போனார்.

அழகுபாண்டி அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"அறியாமையால் செய்கிறீர்கள் என்பதால் மன்னிக்கிறேன். உங்களுக்குப் பெண்பிள்ளை இருக்காம்மா?"

"இருக்கா சார். முத்துச்செல்வி. காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கிறா."

"அந்தப் பிள்ளையைப் படிக்கிற வயசுல கட்டிக் கொடுப்பீங்களா?"

"அவ மனுசி சார்."

"அந்த வேற்றுமை பார்க்கக் கூடாது என்பதுதான் எங்கள் வாரியத்தின் கொள்கை" என்றார் அழகுபாண்டி. சொன்னது தமக்கே பிடித்துப்போய், அதைக் குறித்துக்கொள்ளும்படி ராம்கிக்குச் சைகை காட்டினார்.

செல்லக்கிளி டாக்டரம்மாவின் கடிதத்தை நீட்டினாள். அவர் எலும்புப் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "நல்ல கைவேலை. ஆனால் மருத்துவர் மருத்துவத்தைப் பார்க்கட்டும். இது மருத்துவம் இல்லை, நலம்."

அதன்பிறகு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆலோசனை வழங்கினார்கள். ஒரு குறும்படம் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் எழுந்து நிற்கவைத்து, வலது கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். "என் பொறுப்பில் உள்ள பெண் விலங்கை இளவயதில் இணைசேர்க்க மாட்டேன். பிறர் இணைசேர்ப்பதையும் அனுமதியேன்." அவள் சொல்லி முடிக்கிறவரை பக்கத்து அறையில் முப்பத்தாறு ஆண்களும் விசிலடித்துக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கழித்து ராம்கி வந்து வீட்டுக் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். 'இவ்வீட்டில் ஓர் இளவயது இணைசேர்ப்பு உரிய நேரத்தில் தடுக்கப்பட்டது.' ஊரில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். கினிப்பன்றி என்ற சொல் மட்டும் ஸ்டிக்கரில் இல்லை. அன்று சாயங்காலமே மூன்று பேர் வந்து, முத்துச்செல்வி நல்லாயிருக்காளா, பையன் யாரு, எந்த ஊரு என்று கரிசனமாக விசாரித்தார்கள். சோணைமுத்து கரண்டியால் சுரண்டிப் பார்த்தான். பெயின்ட்தான் வந்தது, ஸ்டிக்கர் வரவில்லை. வாரியம் வாங்கியதிலேயே தரமான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

மாதங்கள் போயின. எட்டாம் மாதம் ஆர்த்திகா சீனியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இறுகிருச்சுக்கா. இனிமே சேக்கவே சேக்காதீங்க. ஆணு நெழலு கூடப் படக்கூடாது. இப்பிடியே விட்டீங்கன்னா இன்னும் அஞ்சாறு வருசம் ஜம்முனு இருக்கும்."

செல்லக்கிளி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். முடிவெடுக்காதது வாரியம்தான்.

முதல் கட்டமாக விலங்கு வாங்கியவர்கள் பதினான்கு பேர். அவர்களுடையவை செல்லக்கிளியின் சீனியைவிட மூன்று மாதம் மூத்தவை. பதினெட்டு மாதம் நிறைந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து வாரியம் அவற்றுக்கு இணைசேர்ப்பு முகாம் நடத்தியது. இரண்டு தெரு தள்ளி இருந்த மலையம்மாளின் பூசணியும் அதில் ஒன்று. பூசணி சினையாகி, தரையைத் தொடுகிற அளவுக்கு வயிறு இறங்கி, ஒரு வியாழக்கிழமை காலையில் முக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை முக்கியது. மலையம்மாள் வாரியத்துக்குப் போன் போட்டாள். மகப்பேறு தொடர்பான அழைப்புகளுக்கு எண் ஒதுக்கப்படவில்லை என்றார்கள். ஆர்த்திகா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பூசணியின் கண் திறந்தபடி இருந்தது. உள்ளே மூன்று குட்டிகள். மூன்றும் முடியோடு, பல்லோடு இருந்தன. ஒன்றும் உயிரோடு இல்லை.

"மதினி, கடேசி வரைக்கும் எம் மொகத்தையே பாத்துச்சு" என்றாள் மலையம்மாள். செல்லக்கிளி வீட்டுக்கு வந்து, சீனியைத் தூக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சீனி அவளுடைய சேலை முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது.

பதினான்கில் பதின்மூன்று செத்தன. பதினான்காவது பிழைத்துக்கொண்டது. எப்படிப் பிழைத்தது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அது ஆண் என்று குழு கண்டுபிடித்தது.

பதின்மூன்று சாவுக்கும் காரணம் கண்டறிய இன்னொரு குழு. அது ஒன்பது முறை கூடி, எட்டு முறை தேநீர் அருந்தி (ஒரு முறை பால் திரிந்துவிட்டது), பின்வருமாறு முடிவு சொன்னது: "தாய்மையை ஏற்கும் மனப்பக்குவம் போதாமையே இறப்புகளுக்குக் காரணம். பெண் விலங்குகளின் ஆரோக்கியம் கருதி, இணைசேர்ப்பு வயதைப் பதினெட்டு மாதத்திலிருந்து இருபத்தொரு மாதமாக உயர்த்தப் பரிந்துரைக்கிறோம்." ஆர்த்திகா மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் எலும்பைப் படமாக வரைந்து அனுப்பினாள். கடைசிப் படம் வாரியத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படமாகத் தேர்வானது.

சீனிக்கு இருபத்தொரு மாதம் நிறைந்தது மார்ச் மாதத்தில். மார்ச் மாதம் என்றால் வாரியத்துக்குக் காய்ச்சல் வரும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் இரண்டு தலைப்புகளில் ஒதுக்கீடு தீர வேண்டும். ஒன்று இணைசேர்ப்பு. மற்றொன்று, கருவுற்ற விலங்குகளுக்கான சமுதாய வளைகாப்பு. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்களாவது இடைவெளி தேவை என்று இயற்கை வைத்திருக்கிறது. இயற்கைக்கு நிதியாண்டு கிடையாது. ஆகவே, மஞ்சள் தடவிய அழைப்பிதழ் இப்படி வந்தது: காலை பத்தரை மணிக்கு இணைசேர்ப்பு. பதினொன்றரை மணிக்கு வளைகாப்பு. பன்னிரண்டரை மணிக்கு ஐவகைச் சாதம். இடம், திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். கீழே சின்ன எழுத்தில், வராத பயனாளிகளின் விலங்குகள் அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து எடுத்துவரப்படும் என்று போட்டிருந்தது.

"கவர்மெண்டு கூட மல்லுக்கு நிக்காத கிளி" என்றான் சோணைமுத்து. "ரேசன் கார்ட வெட்டிருவான்."

"வெட்டட்டும்."

"உன்னைய பிடிச்சு உள்ள வச்சிருவான்."

"உள்ளயும் சோறு உண்டுல்ல?"

"அப்ப அத வீட்ல விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"நீங்க லோடுக்குப் போயிட்டா அந்த ராம்கி வந்து தூக்கிருவாப்ள. எம் மடிய விட்டு அவ எங்கிட்டும் போக மாட்டா."

சோணைமுத்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சாக்கு தைக்கிற நூலை எடுத்து, கூடை மூடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். லோடு கட்டுகிறவன் முடிச்சு. "இந்தா. இனி நீயே மனசு மாறுனாலும் அவுக்க முடியாது" என்று கூடையை அவளிடம் நீட்டினான்.

மண்டபத்தில் குழாய் வைத்து நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில், இரண்டாம் கட்டத்தில் விலங்கு வாங்கியவர்களின் இருபத்திரண்டு கூடைகளில் இருபத்திரண்டு கினிப்பன்றிகளும் மூலையில் ஒடுங்கி, வைத்த புல்லைத் தொடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. மேடையில் ஒரு பக்கம் ஆண்கள், பெரிய கம்பி வலைக்குள். மறுபக்கம் தாம்பாளங்கள். தாம்பாளத்தில் பூ, பழம், குங்குமம், பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற அளவில் கண்ணாடி வளையல். கால் சிறியது என்பதால் வளையலைக் கழுத்தில் மாட்டலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மேடையின் ஓரத்தில் மலையம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கு 'முன்மாதிரித் தாய்ப் பராமரிப்பாளர்' என்று ஒரு கேடயம்.

அழகுபாண்டி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தாய்மார்களே! இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் கட்டத்தில் பதின்மூன்று தாய்கள் தங்கள் உயிரையே இந்தத் திட்டத்துக்கு அர்ப்பணித்தன. அவற்றில் ஒன்றுகூட இதுவரை புகார் அளிக்கவில்லை. ஒரு திட்டத்தின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நூறு பேர் பயனடைந்த திட்டங்களில்கூட நாலு புகார் வரும். நமக்குப் பூஜ்யம்!"

ராம்கி கைதட்டினார். அவர் தட்டுவதைப் பார்த்துச் சமையல்காரர்களும் தட்டினார்கள்.

"வயதை இருபத்தொன்றாக உயர்த்தியிருக்கிறோம். இந்த ஆண்டும் ஏதேனும் அசம்பாவிதம் நடந்தால் இருபத்தைந்தாக உயர்த்தவும் தயங்க மாட்டோம். ஆரோக்கிய விஷயத்தில் சமரசம் கிடையாது!"

செல்லக்கிளி எழுந்தாள். இப்படி ஒரு கூட்டத்தில் அவள் எழுந்ததே இல்லை. ஆனாலும் குரல் ஆடவில்லை. தறி மாதிரி இரைகிற கம்பெனியில் பேசிப் பழகிய குரல் அது, ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"சார், ஒரு சந்தேகம். சினையாக்கி விட்டுருவீங்க. பிரசவம் பாக்குறது யாரு?"

"நல்ல கேள்வி" என்றார் அழகுபாண்டி. "நமது வாரியத்தின் வரம்பு கருவுறுதல் வரைதான் அம்மா. பிரசவம் வேறு துறை."

"செத்துப்போனா?"

"அது மூன்றாவது துறை. அவர்களோடு நமக்கு நல்லுறவு இருக்கிறது."

"அப்ப ஆரோக்கியம் ஆரோக்கியம்னு பொஸ்தகம் பூராப் போட்டிருக்கீகளே, அது யாரு ஆரோக்கியம்?"

"திட்டத்தின் ஆரோக்கியம் அம்மா!" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். இது தெரியாமலா இத்தனை நாள் பயனாளியாக இருந்தாள்? "திட்டம் நன்றாக இருந்தால்தானே நீங்களெல்லாம் நன்றாக இருக்க முடியும்?"

"சரி சார். திட்டம் நல்லாருக்கட்டும். எஞ் சீனிய விட மாட்டேன்."

மண்டபத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"அம்மா, அது வாரியத்தின் சொத்து."

"உங்க சொத்தா? அப்ப அதுக்கு எந்தக் காதுல வெட்டு இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அழகுபாண்டி ராம்கியைப் பார்த்தார். ராம்கி பதிவேட்டைப் புரட்டினார். சீனியின் பக்கத்தில் 'நிறம்: பல. அடையாளம்: பொருந்தும்' என்று இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"கூடையை வாங்கு ராம்கி" என்றார் அழகுபாண்டி.

ராம்கி கீழே இறங்கி வந்தார். "அக்கா, எம் பொழப்பக் கெடுக்காதீங்க" என்று முணுமுணுத்தபடி, செல்லக்கிளியின் மடியில் இருந்த கூடையின் முடிச்சைப் பிடித்து நோண்டினார். நகத்தால் பார்த்தார். பல்லால் பார்க்கலாமா என்று யோசித்து, இணை இயக்குநர் பார்க்கிறார் என்று விட்டார். சோணைமுத்து கட்டிய முடிச்சு இளகவே இல்லை. செல்லக்கிளி இரண்டு கையாலும் கூடையை அணைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இழுங்க சார். நல்லா இழுங்க. கூடையோட சேத்து என்னையும் இழுத்துக்கிட்டுப் போயி, அந்த வலைக்குள்ள போடுங்க."

அப்போது மேடையில் நாற்காலி கிரீச்சிட்டது. மலையம்மாள் எழுந்துவிட்டாள். கேடயத்தைக் கொண்டுவந்து, அழகுபாண்டி ஊன்றி நின்ற மேசையில் வைத்தாள்.

"எம் பூசணி ஒண்ணரை நாளு முக்குனா சார். உங்களுக்குப் போன் போட்டேன். நம்பர் இல்லைன்னீங்க. இதக் குடுக்க மட்டும் எப்பிடி என் வீட்டு அட்ரசக் கண்டுபிடிச்சீங்க?"

"அம்மா, இது கௌரவம்..."

"வச்சுக்கங்க. உங்களுக்கு இன்னும் குறையா இருந்தா எங்கிட்ட பூசணியோட காலிக் கூடையும் கெடக்கு, அதையும் தாரேன்." அவள் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக? மூடுங்கடி கூடைய!"

இருபத்தொரு கூடைகளின் மூடிகள் ஒவ்வொன்றாக மூடின. இருபத்திரண்டாவது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

கோபித்துக்கொண்டு பட்டினியாகப் போகிற ஆட்கள் இல்லை அவர்கள். நேராகப் பந்திக்குப் போய், ஆளுக்கொரு இலையில், கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார்கள். பன்னிரண்டரைக்குத்தான் சாப்பாடு என்று ராம்கி சொல்லிப் பார்த்தார். "இப்பவே போட்டீங்கன்னா இப்பவே போயிருவோம்ணே" என்றாள் ஒருத்தி. சமையல்காரர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. புளியோதரையில் உப்பு தூக்கல் என்று சொல்லிவிட்டு, தயிர்சாதத்தை இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூடையும் கையுமாகத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

மேடையில் அழகுபாண்டி, தாம்பாளங்கள், வளையல்கள், புகைப்படக்காரர். நேரம் பதினொன்றரை. நிகழ்ச்சி நிரலில் பதினொன்றரைக்கு வளைகாப்பு என்று இருந்தது. வலைக்குள் இருந்த ஆண்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் வளையல் மாட்டிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் தாம்பாளத்துப் பூவைத் தின்றது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வளையல் போட்ட ஆண் கினிப்பன்றிக்குக் கீழே 'பூரிப்பில் தாய்' என்று போட்டிருந்தது.

வாரியத்திலிருந்து செல்லக்கிளிக்கு மூன்று நோட்டீசுகள் வந்தன. முதலாவதில் விலங்கை ஒப்படை என்று இருந்தது. இரண்டாவதில் ஏன் ஒப்படைக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். மூன்றாவது, முதல் இரண்டும் கிடைத்தனவா என்று கேட்டது. மூன்றையும் அவள் சீனியின் கூண்டில் விரித்துப் போட்டாள். வழவழப்பான தாள். ஈரத்தை நன்றாக இழுத்தது.

அடுத்த மாதம் ராம்கி பைக்கில் வந்து இறங்கினார். கையில் நீளமான பதிவேடு. முகம் பாதியாக வற்றியிருந்தது. செல்லக்கிளி அவருக்கு மோர் கொடுத்தாள். சீனி கூண்டுக்குள் கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வளைகாப்பு நடந்துருச்சுன்னு மேல அனுப்பியாச்சு. வளைகாப்பு முடிஞ்சா பிரசவத் தேதி போட்டாகணும். இந்தக் கட்டத்துல ஒரே ஒரு தேதி. சும்மா, ஒப்புக்கு."

"ஒப்புக்குப் போட்டா, அந்தத் தேதிக்குக் குட்டி எங்கேன்னு வந்து நிப்பீங்க. குட்டி இல்லைன்னா ஆணக் கொண்டாந்து விடுவீங்க."

ராம்கி மோரைக் குடித்தார். "சரியாச் சொல்லப் போனா அதான் நடைமுறை. அடுத்த வருசம் வயசு இருபத்தஞ்சு மாசம்னு மாறப்போகுது. அதுவரைக்கும் தள்ளிக் குடுக்கலாம், வேணும்னா."

"இருபத்தஞ்சு ஏன் சார்? நூறு மாசம்னு போடச் சொல்லுங்க. எஞ் சீனிக்குப் பக்குவம் பத்தலைன்னு நானே எழுதிக் குடுக்கறேன். நூறு மாசம் கழிச்சு வாங்க."

"நூறு மாசம் இது உசுரோட இருக்காதேக்கா."

"அதுவா, செத்துருமா? ஏழு வருசம் புல்லு தின்னு, வயசாகி, எம் மடியில சாகட்டும். நல்லாச் சாகட்டும். நீங்க சொல்ற தேதியில சாகாது."

அவள் பதிவேட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் விரித்தாள். 'எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்து, அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள். சாக்கில் குறி போடுகிற மாதிரி, அழுத்தி, பெரிது பெரிதாக 'மாட்டேன்' என்று எழுதினாள். கட்டம் போதவில்லை. கடைசி எழுத்து, பக்கத்தில் இருந்த 'குட்டிகளின் எண்ணிக்கை' கட்டத்துக்குள் போய் விழுந்தது.

"ஐயோ அக்கா! அது தேதி போடுற எடம்!"

"எல்லாத் தேதிக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்."

ராம்கி அந்த எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். கீழே இன்னும் இருபத்தொரு கட்டங்கள் காலியாக இருந்தன. செல்லக்கிளி பேனாவுக்கு மூடி போட்டு அவர் பையில் செருகினாள்.

"வெரசாப் போங்க சார். ரெண்டு மணி சிப்டுக்கு மத்த பொம்பளைக எல்லாரும் கெளம்பிருவாக. எழுதுறதுக்கு ரெடியா இருக்கச் சொல்லி எல்லார்க்கும் போன் போட்டுட்டேன்."